தேவகியின் புருஷன் பேர் ராமு

ராமு. இரண்டே எழுத்து. தொண்டையில் அடைக்காது, நாக்கில் சிக்காது, பால்பல் விழுந்த பிள்ளைகூடத் தடங்கலில்லாமல் சொல்லிவிடும். ஆனால் பாருங்கள், ஐம்பத்தாறு வயசான குணவதிக்கு, இன்றைக்கு மலேசியாவில் டிவி வைத்திருக்கிற வீடுகளுக்கெல்லாம் தெரிந்த குணவதிக்கு, அந்த இரண்டெழுத்து வாயில் வரமாட்டேன் என்று அடம் பிடிக்கிறது. வரவேயில்லை என்றும் சொல்லிவிட முடியாது. காலையில், சாகக் கிடக்கிற புருஷனைக் கூப்பிடுகிற காட்சியின் ஒத்திகையில் வந்தது. திரும்பத் திரும்பச் சொல்லச் சொன்னார்கள், திரும்பத் திரும்ப வந்தது, வந்ததெல்லாம் மளிகைக் கடையில் கால் கிலோ பருப்பு கேட்கிற மாதிரி வந்தது. இயக்குநர் சுரைடா மானிட்டருக்குப் பின்னாலிருந்து எழுந்து வந்தாள். மகள் வயசுதான் அவளுக்கு, தலையில் முக்காடு, காலில் ரப்பர் செருப்பு, தூக்கம் இல்லாத கண். குணவதியின் முன்னால் குந்தி உட்கார்ந்து இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு மலாயில் மெதுவாகச் சொன்னாள். “அக்கா, இத்தனை பாகம் எடுத்தாச்சு. இன்னைக்குத்தான் முதல் தடவையா உங்களை நான் நம்பல.” திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. திட்டு வாங்கி வாங்கித் தடித்த தோல்தான். இந்தப் பிள்ளை வருத்தப்பட்டுச் சொல்கிறது. குணவதிக்கு முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை. எங்கள் பக்கத்தில் பொம்பளைகள் புருஷன் பேரைச் சொல்லுவதில்லை, என் வயசுக்காரிகள் சொல்லவே மாட்டார்கள், நான் நடிக்கிற தேவகியும் என் வயசுக்காரிதானே என்று தட்டுத்தடுமாறிச் சொன்னாள். சுரைடா வாயைப் பிளந்தாள். “முப்பது வருஷம் குடும்பம் நடத்திட்டுப் பேரே சொல்லாமலா? அப்ப எப்படித்தான் கூப்பிடுவீங்க?” ஏதோ கூப்பிடுவோம் என்றாள் குணவதி. “அந்த ஏதோவையே கூப்பிடுங்க. தமிழ்லயே கூப்பிடுங்க. கீழே மலாய் எழுத்து போடமாட்டேன். ஆனா கிளந்தான்ல உட்கார்ந்திருக்கிற எங்கம்மாவுக்கு அது புரியணும். போற உசுரைப் பிடிச்சு நிறுத்தக் கூப்பிடுறா இவன்னு புரியணும். வரலைன்னா சொல்லிடுங்க அக்கா, அந்த இடத்துல உங்க குரலை எடுத்துட்டு இசையைப் போட்டுக்கிறேன்.” சொல்லிவிட்டு, லைட்டையெல்லாம் இடம் மாற்றச் சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அதுதான் குணவதி இப்போது நடைபாதையில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். மூடிப்போன தனியார் ஆஸ்பத்திரி ஒன்று, சினிமாக்காரர்களுக்கு வாடகைக்கு விடுகிறார்கள். ஜன்னலுக்கு வெளியே கிள்ளான் வெயில் சுள்ளென்று அடிக்கிறது.

இசையைப் போட்டுக்கொள்வாளாம். போட்டுக்கொள்ளட்டுமே, என்ன கெட்டுப்போச்சு என்று ஒரு மனசு. ஐயோ, கூடாது, கூடவே கூடாது என்று இன்னொரு மனசு. தேவகி வாயசைக்கிறாள், சத்தமில்லை, வயலின் அழுகிறது. அப்படியானால் தேவகி பழையபடி யாரோ ஒரு இந்தியப் பொம்பளையாகிவிடுவாள். தேவகி யாரோ ஒருத்தியாகத்தான் வந்தாள், அது வேறு கதை. மலாய்க் குடும்பத்துக் கதை அது, பெரிய வீடு, மூன்று மகன்கள், சொத்துத் தகராறு. அதில் மூன்றாம் பாகத்தில் அடுத்த வீட்டு இந்தியப் பெண்மணி வேலிக்கு மேலே கை நீட்டித் தட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போகவேண்டும். அவ்வளவுதான் வேஷம். முந்தின நாள் அந்த வீட்டுக்காரி பலகாரம் கொடுத்த தட்டு. வசனம்கூட நன்றி என்கிற ஒரு வார்த்தைதான். கேமரா ஓடும்போது குணவதி கையில் வெறுந்தட்டைக் கொடுத்தார்கள். வெறுந்தட்டை எப்படித் திருப்பிக் கொடுப்பது? கை போகவில்லை. கொஞ்சம் பொறுங்கள் என்று சொல்லிவிட்டுத் தன் பையைத் துழாவி, பசிக்கு என்று கொண்டுவந்திருந்த முறுக்கில் நாலைத் தட்டில் வைத்து, மேலே ஒரு காகிதத்தைப் போட்டு மூடிக் கொடுத்தாள். நடிப்பென்று நினைத்துச் செய்யவில்லை. பழக்கம். அதைப் பார்த்துவிட்டு நாடெல்லாம் பேசியதாம். எங்க அம்மாவும் இப்படித்தான், வெறுந்தட்டு கொடுக்கமாட்டார் என்று மலாய்க்காரர்கள் எழுதினார்களாம், சீனர்கள் எழுதினார்களாம். அந்த அத்தை மறுபடி எப்போது வருவார் என்று கேட்டார்களாம். அடுத்த வாரம் வரச்சொன்னார்கள். அதற்கடுத்த வாரமும். தட்டைக் கொடுக்க வந்தவள் வேலியைத் தாண்டி உள்ளே வந்தாள், அவளுக்கு ஒரு வீடு வந்தது, சமையலறை வந்தது, தையல் மெஷின் வந்தது, ராமு என்று ஒரு புருஷன் வந்தான். இப்போது சொத்துத் தகராறு என்ன ஆச்சு என்று கேட்பாரில்லை. தேவகி என்ன செய்கிறாள் என்பதுதான் கதை.

நெடுஞ்சாலை ஓரத்தில் விளம்பரப் பலகை வைத்தபோது மகள் ஷாமினிதான் காரில் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினாள். வளைவு திரும்பியதும் வானத்தை மறித்துக்கொண்டு ஒரு முகம். கறுத்த முகம், வெளுக்கப் பூசவில்லை, கண்ணுக்குக் கீழே சுருக்கத்தை அழிக்கவில்லை, நெற்றியில் கார்ச் சக்கரம் அளவுக்குப் பொட்டு, மூக்குத்தி ஒரு தாம்பாளம் அகலத்துக்கு. குணவதி சட்டென்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டாள். ஷாமினி ஸ்டியரிங்கில் அடித்து அடித்துச் சிரித்தாள். “எம்மா, அது நீங்கம்மா, உங்களையே நீங்க கும்பிடுறீங்க.” தெரியும், தெரியாமலா இருக்கும். ஆனாலும் அவ்வளவு பெரிய முகத்தைப் பார்த்தால் கை தானாக எழும்புகிறதே, என்ன செய்வது. ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டினவளின் மகள், அவள் முகம் அவ்வளவு உயரத்தில், கீழே லாரியும் காரும் மோட்டார் சைக்கிளும் எல்லாச் சாதிசனமும் அண்ணாந்து பார்த்துக்கொண்டு போகிறது. அன்றைக்கு வீட்டுக்கு வந்து கண்ணாடியில் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அதே மூக்குத்தி, அதே பொட்டு. அங்கே உட்கார்ந்திருந்தது யார் என்று இன்றைக்கு வரைக்கும் அவளுக்கு விளங்கவில்லை. விளங்காத அந்த ஆச்சரியத்தோடேதான் தினமும் எழுந்து பல் விளக்குகிறாள், சோறு வடிக்கிறாள், சூட்டிங்குக்கு வருகிறாள்.

இதற்கு முன்னால் இருபது வருஷம் அவள் நடிக்காமலா இருந்தாள்? நடித்தாள். குடிகாரன் பெண்டாட்டி, கூட்டுகிறவள், வட்டிக்காரனிடம் கெஞ்சுகிறவள், பேய் பிடித்தவள். எல்லாவற்றுக்கும் ஒரே வசனம். “ஐயோயோ.” தலையை அந்தப் பக்கம் இந்தப் பக்கம் ஆட்டிக்கொண்டு ஐயோயோ சொல்லவேண்டும், சொன்னால் சிரிப்பார்கள், சிரித்தால் அடுத்த வேலை. இன்னும் கொஞ்சம் தலையை ஆட்டுங்கள் என்பார்கள். ஆட்டினாள். பிள்ளை படிக்கவேண்டும், ஆட்டினாள். பள்ளிக்கூடத்தில் ஷாமினியைப் பார்த்துப் பிள்ளைகள் தலையை ஆட்டி ஐயோயோ என்று கூப்பிட்டதும், அவள் வீட்டுக்கு வந்து புத்தகப்பையை வீசிவிட்டு, அம்மா டிவியில் வந்தால் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டதும் குணவதிக்குத் தெரியும். கதவைத் தட்டவில்லை. தட்டி என்ன சொல்வது? அந்த வேஷங்களில் எல்லாம் புருஷன் பேர் முத்து. எழுதுகிறவர்களுக்கு வேறு பேர் தெரியாது. “டேய் முத்து” என்று தெரு அதிரக் கத்திக்கொண்டு துடைப்பத்தோடு ஓடவேண்டும். கத்தினாள், ஓடினாள், ஒருநாளும் நாக்கு கூசியதில்லை. அவள் வீட்டுக்காரர் தகர ரொட்டிப் பெட்டி மாதிரி இருந்த பழைய டிவிக்கு முன்னால் உட்கார்ந்து பார்த்துவிட்டு, சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்பார். “ஊர்ல உள்ள முத்துவையெல்லாம் வாய் கிழியக் கூப்பிடுற. கட்டினவனை மட்டும் ஒரு தடவை கூப்பிட மாட்டேங்குற. நான் என்ன பேரில்லாதவனா?” அவள் மூஞ்சியைத் திருப்பிக்கொள்வாள். அது வேஷம், இது வீடு. துடைப்பத்தை வைத்துக்கொண்டு ஓடுகிறவளுக்கு எந்தப் பேரும் வாயில் வரும், அவள் மனுஷி இல்லை, பொம்மை. தேவகி அப்படி இல்லையே. தேவகி முறுக்கு வைத்துத் தட்டு கொடுக்கிறவள். அவளுக்கு நாக்கு கூசும்.

அவர் பேரா? அவள் சொல்லாத பேரை நான் மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட முடியுமா? சொல்லமாட்டேன். கல்யாணத்தன்று பந்தலில் சுற்றி நின்ற பெண்டுகள் புருஷன் பேரைச் சொன்னால்தான் விடுவோம் என்று கையைப் பிடித்து முறுக்கியபோதே சொல்லாதவள். கிளினிக்கில் கேட்டால் அடையாள அட்டையை நீட்டுவாள். பிள்ளைக்குப் பிறந்த சூரா, அந்தப் பிறப்புப் பத்திரம், எடுக்கப் போனபோது அதிகாரி அப்பா பேர் என்ன என்று கேட்க, இதோ வருகிறார், அவரையே கேளுங்கள் என்று வெளியே ஓடிவந்தவள். யாரும் அடித்துச் சொல்லித்தரவில்லை, சொன்னால் அவர் ஆயுசு குறையும் என்று சின்ன வயசில் எங்கோ காதில் விழுந்தது, விழுந்த இடத்தில் அப்படியே உட்கார்ந்துகொண்டது. நம்பிக்கையா, பயமா, கூச்சமா, பிரியமா, அவளுக்கே தெரியாது. நாலும் ஒன்றோடொன்று கலந்து பிசைந்து கிடக்கிறது. இந்தச் சமாசாரம் சுரைடாவின் உதவியாளருக்கு விளங்கவேயில்லை. மலாய் மனைவி புருஷனை அண்ணன் என்றுதான் கூப்பிடுவாள், அதையே தமிழாக்கி, அண்ணே என்று கூப்பிடுங்களேன் என்று எழுதிக்கொண்டு வந்து நீட்டினார் அந்த மனுஷன். குணவதி தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தவள் புரைக்கேறி, மேக்கப்பெல்லாம் கலைந்து, அதைச் சரிசெய்ய ஒரு ஆள் வரவேண்டியதாயிற்று. போனில் ஷாமினியிடம் சொன்னாள். அவளும் சிரித்தாள். சிரித்து ஓய்ந்துவிட்டு, “எம்மா, நடிப்புதானே. ராமு யாரோ எவரோ. பேரைச் சொல்லிட்டு வந்துடுங்க. அந்தக் காட்சிக்கு நாடே காத்துக்கிட்டு இருக்கு, தெரியுமில்ல?” என்றாள். தெரியும் என்றாள் குணவதி. ஷாமினிதான் கடைசியில், “அப்பா ஞாபகமாம்மா?” என்றாள். இல்லடி, லைட்டு போடுறாங்க, வைக்கிறேன் என்று வைத்துவிட்டாள்.

அப்பா ஞாபகம்தான். வேறென்ன. ஆறு வருஷம் ஆகிறது. அது பெரிய ஆஸ்பத்திரி, இது மாதிரி வாடகை ஆஸ்பத்திரி இல்லை. ஆனால் கட்டில் இதே கட்டில், சக்கரம் வைத்தது, கால்மாட்டிலும் தலைமாட்டிலும் கம்பி. மருந்து வாடை மட்டும் இங்கே இல்லை, இங்கே பெயிண்ட் வாடை. கடையில் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தவர் சாய்ந்துவிட்டார் என்று கொண்டுவந்து போட்டிருந்தார்கள். மூக்கில் குழாய், வாயில் குழாய். ஒரு சீன நர்ஸ், நல்ல பெண், தோளைத் தொட்டுச் சொன்னாள். “பேர் சொல்லிக் கூப்பிடுங்க ஆன்ட்டி. சிலருக்குக் காது கேட்கும். தெரிஞ்ச குரல் பேர் சொல்லிக் கூப்பிட்டா திரும்பி வர்றவங்க இருக்காங்க.” குணவதி குனிந்தாள். அந்தக் காதில் முடி நரைத்திருந்தது, மடலில் சோப்பு நுரை காய்ந்திருந்தது, காலையில் குளித்த சோப்பு. வாயைத் திறந்தாள். பேர் நெஞ்சுவரை வந்தது. தொண்டைவரை வந்தது. கடவுளே, தொண்டைவரை வந்ததே. “ஏங்க” என்றாள். அவ்வளவுதான் வெளியே வந்தது. ஏங்க, ஏங்க, ஏங்க. சத்தமாக, மெதுவாக, அழுதுகொண்டு, கெஞ்சிக்கொண்டு, எப்படியெல்லாமோ ஏங்க. அவர் அசையவில்லை. நர்ஸுக்குப் பொறுக்கவில்லை. குனிந்து அவளே பேரைச் சொன்னாள், சீன நாக்கில், பாதி எழுத்தை விழுங்கிக்கொண்டு, ஆனால் கணீரென்று. குணவதிக்கு உடம்பு தூக்கிவாரிப்போட்டது. எவ்வளவு சுளுவாகச் சொல்கிறாள் இவள். அதற்கும் அவர் அசையவில்லை. அசையாததற்குக் காரணம் இருக்கிறது, அது வேற்று வாய், வேற்று வாய்க்கு எப்படி வருவார்? என் வாயால் கூப்பிட்டிருக்கவேண்டும். என் வாயால் ஒரு தடவை. அன்றைக்குச் சாயங்காலமே போய்விட்டார்.

இந்த இடத்துக்கு வந்ததும் அவள் மனசு எப்போதும் நிற்கும், தேய்ந்த இசைத்தட்டு மாதிரி அதே இடத்தில் சுற்றும். கூப்பிட்டிருந்தால் வந்திருப்பாரா. வந்திருக்கமாட்டார், டாக்டர் சொன்னார் மூளையில் ரத்தம் என்று. வந்திருப்பார், கேலி செய்யவாவது எழுந்து வந்திருப்பார், அவ்வளவு ஆசை அவருக்கு அதைக் கேட்க. டாக்டர் என்ன கண்டார். ஏங்க என்றால் அது ஒரு கூப்பிடலா? பஸ் கண்டக்டரையும் ஏங்க என்கிறோம், வெங்காயக்காரரையும் ஏங்க என்கிறோம், முன்னே போகிற எவனோ கைக்குட்டையைப் போட்டுவிட்டுப் போனால் அவனையும் ஏங்க என்கிறோம். சாகக் கிடக்கிறவருக்குத் தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று எப்படித் தெரியும்? யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று நினைத்துப் போய்விட்டார். இப்போது அதே வார்த்தையை, ஒருமுறை தோற்றுப்போன வார்த்தையை, மறுபடியும் ஒரு கட்டிலோரத்தில் நின்று, மூன்று கேமரா பார்க்க, நாடு பார்க்க, எடுத்து வைக்கச் சொல்கிறது இந்தப் பெண். மறுபடியும் பதில் வராது. வராது என்றுதான் வசனத்திலேயே எழுதியிருக்கிறது. தேவகி கூப்பிடுகிறாள், ராமு கண் திறக்கவில்லை, மூச்சு நிற்கிறது. அதை எத்தனை டேக் எடுப்பார்களோ. ஒவ்வொரு டேக்கிலும் அவர் போவார். பேரையே சொல்லிவிடலாம். ராமு, ராமு, ராமு. பொய்யாக இருந்தாலும் அது வலிக்காது.

ஆனால் அந்த ஜனங்கள் இருக்கிறார்களே. அவர்களை நினைத்தால்தான் பொய் சொல்ல மனசு வரவில்லை. ராமு ஆஸ்பத்திரியில் விழுந்த பாகம் வந்ததிலிருந்து அவளால் வெளியே தலைகாட்ட முடியவில்லை. பசாரில் மீன் விற்கிற மலாய் அம்மாள் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, ஈரக்கையை மடியில் துடைத்துக்கொண்டு வந்து, “மக்சிக் தேவகி, உங்க வீட்டுக்காரருக்காகத் தொழுகையில வேண்டிக்கிட்டேன்” என்றாள். அத்தையே என்கிற மாதிரி அந்த மக்சிக். எது கதை, எது நிஜம் என்று தெரியாதவள் இல்லை அந்த அம்மாள். தெரிந்தேதான் வேண்டியிருக்கிறாள். லிப்டில் ஒரு சீனத் தாத்தா, ஊன்றுகோல், மலாயும் சரியாக வராது, பத்து மாடியும் ஒன்றும் பேசாமல் வந்தவர், கதவு திறந்ததும் திரும்பி நின்று, “அவர் சாகக்கூடாது” என்று சொல்லிவிட்டுப் போனார். ஐயோயோ என்றால் சிரித்த நாடு இது. அதே நாடு, அதே டிவி. ஒரு தமிழ்ப் பொம்பளையின் புருஷன் பிழைக்கவேண்டுமே என்று யார் யாரோ எங்கெங்கோ முழந்தாளிட்டுக் கிடக்கிறார்கள். இது எப்படி நடந்தது? யார் செய்தது? நாலு முறுக்கா இதைச் செய்யும்? அந்தப் பலகை முகத்தை மறுபடி அண்ணாந்து பார்க்கிற மாதிரி இருந்தது குணவதிக்கு. இந்த ஜனங்களிடம் போய்ப் பொய்ப்பேரைச் சொல்லி எப்படி அழுவது? சொன்னால் மலாய்க்காரருக்குத் தெரியாது, சீனருக்குத் தெரியாது. தமிழ் வீடுகளில் சமையலறைக் கதவோரமாக நின்று பார்த்துக்கொண்டிருக்கிற பொம்பளைகள் இருக்கிறார்கள், அவள் வயசுக்காரிகள். அவர்களுக்குத் தெரிந்துபோகும். சிரிக்கமாட்டார்கள். ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்விடுவார்கள், ஷாமினி போன மாதிரி.

“அக்கா, தயார்” என்று கூப்பிட்டார்கள். எழுந்தாள். கால் மரத்திருந்தது. உள்ளே ஜில்லென்று ஏசி. ஜன்னலுக்கு வெளியே மஞ்சள் விளக்கைக் கட்டி, உள்ளே சாயங்கால வெளிச்சம் வருகிற மாதிரி செய்திருந்தார்கள். நல்ல சாயங்காலமாகத்தான் இருந்தது. கட்டிலில் ராமுவாகக் கன்னியப்பன் படுத்திருந்தார். அந்தக் காலத்து வானொலி நாடகக்காரர், எழுபதைத் தாண்டியவர், வெளியே அவளைத் தங்கச்சி என்பார், அவள் அண்ணே என்பாள். காலையிலிருந்து மூக்கில் குழாயோடு மல்லாக்கப் படுத்துப் படுத்து, லைட்டு மாற்றுகிற சமயத்தில் மனுஷன் நிஜமாகவே தூங்கிப்போயிருந்தார். லேசாகக் குறட்டை. எழுப்பட்டுமா என்று உதவியாளர் ஜாடையில் கேட்டார். வேண்டாம், முகம் நன்றாக இருக்கிறது என்று சுரைடா கையைக் காட்டினாள். குறட்டையும் நின்றது. எல்லாரும் ஓசையடங்கி நின்றார்கள். கேமரா ஓடுகிறது என்பதற்கு அடையாளமாகச் சின்னச் சிவப்பு விளக்கு. குணவதி கட்டிலோரம் போனாள். என்ன சொல்லப்போகிறோம் என்று அவளுக்கு அந்த நிமிஷம்வரை தெரியாது. போர்வை விலகி இரண்டு பாதமும் வெளியே தெரிந்தது. இந்தக் குளிரில் இப்படிக் கிடக்கிறாரே என்று போர்வையை இழுத்து மூடினாள். நிமிர்ந்தபோது ஜன்னலில் அந்த மஞ்சள் வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது, கட்டிலில் ஒரு ஆம்பளை வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறார். அவளுக்குத் துக்கம் வரவில்லை. லேசாக எரிச்சல்தான் வந்தது. முப்பது வருஷம் வந்த அதே எரிச்சல்.

“ஏங்க,” என்றாள். “எந்திரிங்க. வெளக்கு வெக்கிற நேரமாச்சு. இந்நேரத்துல படுத்திருக்கக் கூடாது.” சொன்னபிறகுதான் எங்கே நிற்கிறோம் என்று உறைத்தது. கேமரா, கட்டில், குழாய். பயம் காலிலிருந்து ஏறியது. “ஏங்க,” என்றாள் மறுபடி. இந்தத் தடவை குரல் உடைந்தது. உடையட்டும் என்று விட்டாள். குனிந்து, அந்தக் காதுக்குப் பக்கத்தில், ஆறு வருஷத்துக்கு முன்னால் நின்ற அதே இடத்தில் நின்றுகொண்டு, யாருக்கும் கேட்காத அளவுக்கு, “ஏங்க” என்றாள்.

“ம்,” என்றார் கட்டிலில் இருந்தவர். “வரேன்.”

குணவதி கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். இதுதான், இதேதான். குளியலறையிலிருந்தாலும், கொல்லையில் கீரைக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தாலும், பேப்பரை மூஞ்சியில் போட்டுக்கொண்டு அரைத்தூக்கத்தில் கிடந்தாலும், ஏங்க என்றால் அவர் இப்படித்தான் குரல் கொடுப்பார். ம், வரேன். தெருவில் எத்தனை வீட்டில் எத்தனை பொம்பளை ஏங்க என்றாலும் அவர் திரும்பமாட்டார், இவள் சொன்னால் திரும்புவார். ஒருநாள்கூடத் தப்பியதில்லை. அப்படியானால் அன்றைக்கும் கேட்டிருக்கும். அவரைத்தான் கூப்பிடுகிறாள் என்று தெரிந்திருக்கும். வர முடியாமல் போயிருக்கும், அவ்வளவுதான், வர முடியவில்லை. ஆறு வருஷமாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது எழுந்து போனதை அவள் உடம்பு உணர்ந்தது. பெரிய சன்னதியில் திரை விலகினதும் நிற்பார்களே, அப்படி நின்றாள். கண்ணிலிருந்து தாரை தாரையாகக் கொட்டியது. “வாங்க,” என்றாள் கட்டிலைப் பார்த்து.

வெகுநேரம் கழித்துத்தான் கட் என்ற சத்தம் கேட்டது, அதுவும் சுரைடாவின் குரல் மாதிரி இல்லை. கன்னியப்பன் கண்ணைத் திறந்து, விளக்கையும் ஆட்களையும் பார்த்து, பதறி எழுந்து மூக்குக் குழாயைப் பிடுங்கிக்கொண்டார். “தங்கச்சி, கெடுத்துட்டேனாம்மா? அசந்துட்டேன். எங்க வூட்டுக்காரி கூப்பிட்டாப்ல இருந்துச்சு, பதிலைச் சொல்லித் தொலைச்சிட்டேன். மறுபடி எடுக்கச் சொல்லு, இந்தத் தடவை ஒழுங்காச் செத்துடுறேன்.” குணவதி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். ஒலிப்பதிவு செய்கிற பெண் காதிலிருந்து கருவியைக் கழற்றிவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றாள். அவளுக்குத் தமிழில் ஒரு எழுத்துத் தெரியாது. சுரைடா கேபிள்களைத் தாண்டித் தாண்டி வந்தாள், முக்காட்டு நுனியால் கன்னத்தைத் துடைத்துக்கொண்டே வந்தாள். மறுபடி எடுப்பதாக இல்லை என்றாள். இந்த மனுஷனை இனிமேல் சாகடிக்க முடியாது, எழுதுகிறவர்களிடம் நான் பேசிக்கொள்கிறேன் என்றாள். பிறகு தயங்கித் தயங்கி, சின்னப் பிள்ளை மாதிரி, குணவதியின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

“அக்கா, நீங்க ராமுன்னு சொல்லலையே. அப்படி என்ன சொல்லிக் கூப்பிட்டீங்க?”

குணவதி மூக்கை உறிஞ்சிக்கொண்டு, கன்னத்தைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு, கொஞ்சம் வெட்கத்தோடு சொன்னாள்.

“அவரு பேரைத்தான் சொல்லிக் கூப்பிட்டேன்.”